ஒப்பாரியில் பிறந்த ஆட்டப் பாட்டு!

'ரவுடி பேபி' பாட்டுக்கு ஆடாத குட்டீஸ் உண்டா? 2018-ல் வந்த 'மாரி 2' படத்துக்காகத் தனுஷுடன் அதைப் பாடியவர் தீ. அவரும் அரக்கோணத்துப் பாடகர் அறிவும் சேர்ந்து பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் 2021 மார்ச்சில் வெளிவந்தது 'என்ஜாயி எஞ்சாமி'. இது சினிமாப் பாட்டு அல்ல, தனிப்பாட்டு.

இதில் என்ன புதுமை? தாளத்துக்கு ஏற்ப வேகமாகச் சொற்களை அடுக்குவது 'ராப்'. 1970-களில் நியூயார்க்கில் கறுப்பின இளைஞர்கள் வளர்த்த கலை அது. அதோடு, இறந்தவரை நினைத்து நம் ஊரில் பாடும் ஒப்பாரி இங்கே கைகோத்தது.

அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தால், லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் அங்கிருந்து கிளம்ப நேர்ந்தது. உழைத்தும் சொந்த நிலம் இல்லாதவர்களின் கதையே இந்தப் பாட்டு. பாட்டியின் பெயரும் இதில் வருகிறது.

அதே ஆண்டில் பிரான்ஸ் நாட்டு டிஜே ஸ்னேக் இதற்கு நடன இசை வடிவம் தந்தார். யூடியூபில் 40 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது.

2022-ல், யாருடைய பங்கு எவ்வளவு என்று தீ, அறிவு, சந்தோஷ் நாராயணன் மூவரும் தனித்தனியே விளக்கம் சொன்னார்கள். சேர்ந்து செய்த வேலையில் அவரவர் பெயர் எவ்வளவு முக்கியம், பார்த்தீர்களா?

அச்சங்குளம் பக்கத்துக் காடுகளில் களையெடுத்த பாட்டிகளிடமும் பாட்டு இருக்கும். கேட்டு, நோட்டில் எழுதுங்கள். முதல் வரியில் பாட்டியின் பெயர் இருக்கட்டும்!