வெட்டுத் துணியில் ஒரு போர்வை!

தையற்கடைக்காரரின் காலடியைப் பார்த்திருக்கிறீர்களா?

மாலை நேரத்தில் அங்கே ஒரு குட்டி மலையே குவிந்து கிடக்கும். ரவிக்கை வெட்டியது, சட்டை வெட்டியது, பள்ளிக்கூடச் சீருடை வெட்டியது எல்லாம் அதில் இருக்கும். சிவப்பு, பச்சை, கட்டம், கோடு, புள்ளி... எத்தனை நிறம்!

இந்தத் துணியெல்லாம் எங்கே போகிறது? கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போய்க் கேட்டால் உடனே பதில் கிடைக்கும். தொழிற்சாலைகளில் எந்திரத்தில் படிந்த எண்ணெயைத் துடைக்கத் துணிக் கழிவு வேண்டும். அதைக் கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள். ஒருமுறை துடைத்தால் போதும், துணி கறுத்துவிடும். அத்துடன் அதன் கதை முடிந்தது.

அதே துணிக்குள் ஒரு போர்வை ஒளிந்திருக்கிறது என்றால் நம்புவீர்களா?

சத்தம் போடாத ஊசி

கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். "வாங்க, கொஞ்சம் மெதுவா பேசுங்க. அவர் உள்ளே தூங்கறார்" என்று வரவேற்றார் அந்த வீட்டு அம்மாள். கணவருக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. பகலில்தான் தூக்கம். அதனால் டி.வி. போட முடியாது. தையல் எந்திரமும் ஓட்ட முடியாது.

"அதனாலதான் ஊசியை எடுத்தேன். ஊசி சத்தம் போடாதே!" என்று சிரித்தார்.

ஆனால் ஆரம்பித்த கதை சிரிப்புக் கதை அல்ல. அவருடைய தாயார் இறந்தபோது பெட்டியில் 7 நூல் சேலைகள் இருந்தன. எல்லாம் பழசு. கட்டிக்கொள்ள முடியாது. தூக்கி எறியவும் மனம் வரவில்லை. 3 வருடம் பெட்டியிலேயே கிடந்தன.

"எவர்சில்வர் பாத்திரத்துக்குப் போட்டுடலாம்னு எங்க அண்ணி சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரிதான் கத்தரிக்கோலை எடுத்தேன். முதல் வெட்டு வெட்டும்போது கை நடுங்கிச்சுங்க" என்றார்.

ஆறு சேலைகளை வெட்டிவிட்டார். ஏழாவது? அதைப் பிறகு சொல்லுகிறோம்.

ஊருக்கு ஊர் ஒட்டுப் போர்வை

இது வெளிநாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைப்பதற்குக் 'காந்தா' என்று பெயர். நம்முடைய 'கந்தை'க்கு உறவான சொல்தான்! சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே பூவும் பறவையும் தைத்துவிடுவார்கள். இப்படி ஒரு போர்வையை வைத்துக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929-ல் ஒரு காதல் காவியமே எழுதினார்.

கர்நாடகத்தின் வட பகுதியில் இதைக் 'கவுதி' என்கிறார்கள். அங்கே ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் வசிக்கிறார்கள். அந்தப் பெண்கள் தைக்கும் போர்வையின் மூலைகளில் மடித்த துணியில் சிறு பூ இருக்கும். பூ வைக்காவிட்டால் போர்வை முடிந்ததாகாது!

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினர் வாழும் ஊர். வயலில் உழைத்துக் கிழிந்த கால்சட்டைகளை அங்குள்ள பெண்கள் போர்வையாகத் தைத்தார்கள். குளிருக்குப் போர்த்திக்கொள்ளத்தான் தைத்தார்கள். 2002-ல் அவற்றை ஹூஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் மாட்டினார்கள். ஓவியத்தைப் பார்ப்பதுபோல் ஜனங்கள் வந்து பார்த்தார்கள். 2006-ல் தபால் தலையிலும் அந்தப் போர்வைகள் ஏறிவிட்டன.

நம் பக்கமும் துணிக்குப் பெயர் போனதுதான். பொன்னேரியிலிருந்து பஸ் ஏறினால் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டி உட்கார்ந்த இடம். இந்தக் கரையிலிருந்து கட்டம் போட்ட துணி கப்பல் கப்பலாகப் போயிற்று. மலேயாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'பெலிக்காட்' என்றே பெயர். பழவேற்காட்டை வெள்ளைக்காரர் 'புலிகாட்' என்றார்கள் அல்லவா, அந்தப் பெயர்தான் அது!

அட்டையும் சோப்பும்

சரி, எப்படித் தைப்பது? குழந்தைக்கு ஒரு போர்வை என்று வைத்துக்கொள்வோம்.

நூல் துணியாகப் பொறுக்குங்கள். நைலான், பாலியஸ்டர் வேண்டாம். இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும். அடுப்பு, விளக்குப் பக்கம் போனால் ஆபத்து. கையால் லேசாக இழுத்துப் பாருங்கள். கிழிகிற துணியை ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்தது, துவைப்பது. இதில் நாம் ஏமாந்த கதை ஒன்று உண்டு. வீட்டில் தைத்துப் பார்த்தபோது, "புதுத் துணிதானே" என்று ஒரு சிவப்புத் துண்டைத் துவைக்காமல் சேர்த்துவிட்டோம். முதல் துவைப்பிலேயே பக்கத்தில் இருந்த வெள்ளையெல்லாம் ரோஜா நிறம்! ஒரு மாத வேலை வீண். ஆகவே ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக, தண்ணீர் தெளிவாகும் வரை அலசுங்கள். பிறகு ஈர வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து அழுத்துங்கள். கறை ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம்.

பழைய காலண்டர் அட்டையில் 6 அங்குலச் சதுரம் வெட்டிக்கொள்ளுங்கள். அதைத் துணியின்மேல் வைத்து, தேய்ந்த சோப்புச் சில்லால் கோடு போட்டு வெட்டுங்கள். துணியின் இழை போகும் வாக்கிலேயே வெட்ட வேண்டும். குறுக்காக வெட்டினால் துணி இழுபடும், சதுரம் கோணலாகும்.

இப்படி 80 சதுரம் வேண்டும். அகலத்துக்கு 8, நீளத்துக்கு 10. ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைத்தால், தைத்த பிறகு ஒவ்வொன்றும் ஐந்தரை அங்குலம் நிற்கும். போர்வை 44 அங்குல அகலம், 55 அங்குல நீளம் வரும்.

தைப்பதற்கு முன் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பாருங்கள். ஒரே நிறம் இரண்டு அருகருகே வந்தால் மாற்றி வையுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டால் இந்த வேலையை அவர்களே செய்துவிடுவார்கள். சண்டையும் போடுவார்கள்!

பிறகு ஒவ்வொரு வரிசையாகத் தையுங்கள். தையல் மடிப்பை முதல் வரிசையில் வலப்பக்கம், அடுத்த வரிசையில் இடப்பக்கம் என்று தேய்த்து மடக்குங்கள். வரிசைகளைச் சேர்க்கும்போது அப்போதுதான் மூலை தடிக்காது. கையால் தைப்பவர்கள் ஒன்றரை முழத்துக்கு மேல் நூல் கோக்க வேண்டாம், சிக்கிக்கொள்ளும்.

ஏழாவது சேலை

மேல்துணி தயார். இனி அடியில் விரிக்க ஒரு துணி, நடுவில் வைக்க ஒரு பழைய படுக்கை விரிப்பு. நம் ஊர் மார்கழிக்கு அது போதும், பஞ்சு தேவையில்லை. மேல்துணியைவிட அடித்துணி சுற்றிலும் 2 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். மூன்றையும் அடுக்கி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பெரிய பெரிய தையலாக நூல் ஓட்டுங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் சுருக்கம் விழும். அதன்பின் ஒவ்வொரு சதுரத்தைச் சுற்றியும் சிறு தையல். கடைசியாக அடித்துணியை மேலே மடித்துத் தைத்தால் கரை வந்துவிடும்.

அந்த அம்மாள் தைத்தது பெரியவர்களுக்கான போர்வை. அடித்துணிக்கு என்ன போட்டார் தெரியுமா? ஏழாவது சேலை! கருநீலம், மஞ்சள் கரை. அம்மா கோவிலுக்குக் கட்டிப் போன சேலையாம். "அதை மட்டும் வெட்ட முடியலே. இரண்டா மடிச்சு அப்படியே அடியில விரிச்சுட்டேன். கத்தரிக்கோல் படலே" என்றார்.

தைத்து முடிக்க 4 மாதம் ஆனதாம். இப்போது தையற்கடைத் துண்டுகளைச் சேர்த்து இரண்டாவது போர்வை தைக்கிறார். அதைத்தான் நமக்குக் காட்டினார்.

"முதல் போர்வை எங்கே?" என்று கேட்டோம்.

அவர் அறைக் கதவை லேசாகத் திறந்தார். மின்விசிறிக்குக் கீழே, தலைவரை போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார் கணவர்.

"எனக்குன்னு தைச்சேன், அவர் எடுத்துக்கிட்டார். எங்க அம்மா இருந்தவரைக்கும் ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாதுங்க!" என்றார் அந்த அம்மாள், குரலைத் தாழ்த்தி.