திரும்பி வந்த ஒருவன்



லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகளைக் காண்கிறோம். ஆசாரியரிடம் தங்களைக் காண்பிக்கும்படி ஆண்டவர் அவர்களை அனுப்பினார். சுகமானவனைச் சுத்தமுள்ளவன் என்று அறிவித்து ஊருக்குள் சேர்க்கும் பொறுப்பு, லேவியராகமம் 14-இன்படி, ஆசாரியனுக்கே இருந்தது. (வேதம் குறிப்பிடும் அந்நோய் பலவிதச் சரும நோய்களை உள்ளடக்கியது. இன்றைய தொழுநோயோ, அதன் வகைக்கேற்ப, கூட்டு மருந்தினால் 6 அல்லது 12 மாதங்களில் குணமாகிறது.) வழியிலேயே பத்துப்பேரும் சுத்தமானார்கள். திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் சமாரியன்.

மற்ற ஒன்பது பேரை நாம் எளிதில் குற்றஞ்சாட்டுகிறோம். வீட்டைப் பிரிந்திருந்தவர்களுக்கு அவசரம் இருந்திருக்கும். அவர்கள் எங்கே என்று ஆண்டவர் கேட்டார். கொடுத்த சுகத்தைத் திரும்ப எடுத்தார் என்று வேதம் சொல்லவில்லை. நன்றிக்கு முன்பே கொடுப்பது தேவனுடைய குணம். உங்கள் காணிக்கையால் சுகம் பெற்றவர்களிலும் அநேகர் உங்களை அறியாமலே வீடு திரும்புகிறார்கள்.

வார்டில் ஜெபிக்கப் போகும் நாங்களே இதில் தவறியிருக்கிறோம். பல வாரம் பராமரித்த ஒருவரின் குடும்பத்தார் ஒரு வார்த்தையும் சொல்லாமல் புறப்பட்டபோது மனம் கசந்தது. பிறகுதான் உறைத்தது: அன்று காலை எழுந்து நடமாடியதற்கு நாங்களும் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கவில்லை.