பிரதி வடிவம் மாறும்போது

கட்டுரையை எழுதி முடித்தல் ஒரு வேலை. அதனைச் சஞ்சிகை கேட்கும் உருவத்திற் கொடுத்தல் மற்றொரு வேலை. கணிதம், பௌதிகம் முதலிய துறைகளில் ஆராய்வோர் பலர் இவ்விரண்டாம் வேலையிலேதான் இடர்ப்படுகின்றனர்.

1977ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் குனூத், தம் நூலொன்றின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படிகளைக் கண்டு மனம் சலித்தார். எழுத்துக்களின் அழகு குன்றியிருந்தது. அதன் விளைவாக அவரே ஆக்கிய அச்சுக்கோப்பு முறைதான் டெக் என்பது. 1980களில் லெஸ்லி லம்போட் என்பார் அதனை எளிதாக்கி, லாடெக் என வழங்கினார். இம்முறையில் எழுதுவோர் தலைப்பையும் சமன்பாட்டையும் கட்டளைச் சொற்களாற் குறித்துவிடுவர். பக்கத்தை அமைப்பது கணினியின் பொறுப்பு.

ஆயினும் பல சஞ்சிகைகள் வேர்ட் என்னும் சொற்செயலியின் கோப்பையே கேட்கின்றன. இது வெறும் பிடிவாதமன்று. பத்திராதிபர் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் எழுதியவர் கண்ணுக்குப் புலப்படுமாறு அதிற் பதிவாகும். அவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம்.

இவ்விடத்திற் பலர் செய்யும் தவறு யாது? ஆயத்தமான பிடிஎப் பக்கத்திலிருந்து எழுத்துக்களைப் பிரதிசெய்து ஒட்டுதலாம். எவ்வெழுத்து எவ்விடத்தில் நிற்கிறது என்பதை அப்பக்கம் அறியும். எது பந்தி, எது அடுக்கு என்பதைப் பெரும்பாலும் அறியாது. பத்தின் ஆறாம் அடுக்கு என்பது பத்து இலட்சம். மேலே நிற்கும் ஆறு கீழிறங்கினால் அது 106 ஆகிவிடும். ஒரு மில்லிலீற்றர் நீரிற் பத்து இலட்சம் கிருமிகள் என்று எழுதியவர், நூற்றாறு கிருமிகள் என்று சொன்னவராவார். அந்நீரைப் பருகுவோரின் நிலையை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஆதலின், கட்டளைகள் அடங்கிய மூலக் கோப்பிலிருந்தே மாற்றுதல் வேண்டும். கலிபோர்னியாவில் மெய்யியற் பேராசிரியரான ஜோன் மக்பார்லேன் 2006இல் வெளியிட்ட பான்டொக் என்னும் இலவச நிரல் இதற்கு உதவுகிறது. அது சமன்பாடுகளை, வேர்டில் மீண்டும் திருத்தக்கூடிய சமன்பாடுகளாகவே கொண்டுசேர்க்கும். ஆனால் சிக்கலான அட்டவணைகளும், கட்டளைகளால் வரைந்த படங்களும், எழுதியவர் தாமே வகுத்துக்கொண்ட சில கட்டளைகளும் வழியிற் சிதைவதுண்டு. படங்களைத் தனிக் கோப்புக்களாக்கி இணைத்தல் நன்று. “மூன்றாம் சமன்பாட்டைப் பார்க்க” என்பன போன்ற இலக்கங்கள் சரியாக வந்துள்ளனவா என்பதையும் நோக்குதல் வேண்டும்.

பழைய அச்சகங்களில் ஒருவர் மூலப்பிரதியை வாசிக்க, மற்றவர் அச்சுப்படியை ஒப்புநோக்குவார். அவ்வழக்கம் இங்கும் பயன்தரும். மாற்றிய கோப்புடன் பிடிஎப் பிரதியையும் சேர்த்து அனுப்பினால், ஐயம் எழுந்தவிடத்துப் பத்திராதிபர் இரண்டையும் ஒப்பிட்டு உண்மையைக் கண்டுகொள்வார்.