பழைய கிளைடரின் கருவிகளைப் பழுதுபார்க்க ஆள் தேடுவது எப்படி?

எஞ்சின் இல்லாமல் பறக்கும் விமானத்திற்கு கிளைடர் என்று பெயர். இழுவைக் கயிற்றாலோ இன்னொரு விமானத்தின் பின்னால் கட்டியோ அதை உயரே கொண்டுபோய் விடுவார்கள். அதன்பிறகு மேலெழும் வெப்பக் காற்றைத் தேடிப் பிடித்து, மணிக்கணக்கில் வானத்தில் சுற்றி வரலாம்.

முதல் உலகப் போருக்குப் பிறகு, 1919இல் கையெழுத்தான வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் விமானத் துறைக்குக் கடும் கட்டுப்பாடுகளை விதித்தது. பறக்கும் ஆசை கொண்ட அந்நாட்டு இளைஞர்கள் எஞ்சின் இல்லாத விமானத்தின் பக்கம் திரும்பினார்கள். 1920 முதல் வாசர்குப்பே மலையில் போட்டிகள் நடந்தன. 1930களில் வந்த குருனாவ் பேபி, 1950களில் வந்த கா-6 போன்ற மரத்தாலான கிளைடர்கள் ஐரோப்பாவில் இன்றும் பறக்கின்றன. இத்தகைய பழைய கிளைடர்களைக் காப்பதற்கென்றே 1973இல் வின்டேஜ் கிளைடர் கிளப் உருவானது.

கிளைடரின் மரச்சட்டம் உடைந்தால் தேர்ந்த தச்சுவேலை தெரிந்தவர் சரிசெய்து விடுவார். துணி கிழிந்தால் புதுத் துணி ஒட்டலாம். விமானியின் முன்னால் இருக்கும் கருவிகள் கெட்டுப்போனால்தான் சிக்கல். செய்த நிறுவனம் மூடப்பட்டிருக்கும். உதிரி பாகம் கிடைக்காது. பழுதுபார்த்து வந்தவர் ஓய்வு பெற்றிருப்பார். அப்படியானால் யாரிடம் போவது? அதற்கு முன், கருவிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

கருவிக்குள் என்ன இருக்கிறது?

பழைய கிளைடரில் முக்கியமாக மூன்று கருவிகள் இருக்கும். மூன்றுமே காற்றழுத்தத்தைக் கொண்டு இயங்குபவை. மின்சாரம் தேவையில்லை.

முதலாவது உயரமானி. அதற்குள் காற்று வெளியேற்றப்பட்ட மெல்லிய உலோகச் சிமிழ் ஒன்று இருக்கிறது. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், சிமிழ் விரியும். கடல் மட்டத்தை ஒட்டி சுமார் எட்டு மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு மில்லிபார் குறைகிறது. அந்தச் சிறிய விரிவை நெம்புகோல்களும் பல்சக்கரங்களும் பெரிதாக்கி முள்ளைச் சுழற்றுகின்றன. மருத்துவர்கள் பயன்படுத்தும் முள் வைத்த இரத்த அழுத்தமானியிலும் ஏறக்குறைய இதே அமைப்புதான்.

இரண்டாவது வேகமானி. எதிர்க்காற்றை வாங்கும் பிட்டோ குழாய் சிமிழின் உட்புறத்தோடு இணைந்திருக்கும். சுற்றியுள்ள சாதாரணக் காற்றழுத்தம் இன்னொரு துளை வழியாகக் கருவியின் கூட்டுக்குள் வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே வேகம்.

மூன்றாவது வேரியோமீட்டர். கிளைடர் ஏறுகிறதா, இறங்குகிறதா, எவ்வளவு விரைவாக என்பதை இது காட்டும். தெர்மாஸ் பிளாஸ்க் போன்ற, சுமார் அரை லிட்டர் கொள்ளளவுள்ள புட்டி ஒன்று இதனோடு இணைந்திருக்கும். கிளைடர் ஏறும்போது புட்டியிலிருந்து காற்று வெளியேறும். இறங்கும்போது உள்ளே நுழையும். அந்த ஓட்டத்தைக் கருவி அளக்கிறது. 1920களின் இறுதியில் ஆஸ்திரிய விமானி ராபர்ட் குரோன்ஃபெல்ட் இதைக் கிளைடரில் பயன்படுத்தத் தொடங்கினார். கண்ணுக்குத் தெரியாத வெப்பக் காற்றைக் கண்டுபிடிக்க அதன்பிறகு விமானிகளுக்கு ஒரு வழி கிடைத்தது. பிரிட்டனில் காப்-ஸ்லேட்டர் நிறுவனம் செய்த வேரியோமீட்டரில் முள்ளே கிடையாது. இரண்டு கண்ணாடிக் குழல்களில் ஏறும்போது பச்சை உருண்டையும் இறங்கும்போது சிவப்பு உருண்டையும் எழும்பும்.

சிறிய பழுது, பெரிய ஆபத்து

எஞ்சின் உள்ள விமானத்தில் தரையிறங்கும் கணக்கு தவறினால், விசையைக் கூட்டி மேலெழுந்து மறுபடி முயலலாம். கிளைடர் விமானிக்கு அந்த வாய்ப்பு இல்லை. வேகம் மிகக் குறைந்தால் இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும். தரைக்கு அருகில் அப்படி நடந்தால் மீள்வதற்கு உயரமும் இருக்காது.

ஓர் உதாரணம் பார்ப்போம். சாதாரண அழுத்தத்தை வாங்கும் துளை, பறந்துகொண்டிருக்கும்போது அடைபட்டு விட்டது என்று வையுங்கள். மேலே இருந்த மெல்லிய காற்றின் அழுத்தம் கருவியின் கூட்டுக்குள் அப்படியே சிக்கிக்கொள்ளும். கிளைடர் கீழே இறங்க இறங்க, வேகமானி உண்மையான வேகத்தை விட அதிகமாகக் காட்டும். விமானி போதிய வேகம் இருப்பதாக நம்பி மேலும் வேகத்தைக் குறைப்பார். அதனால்தான், பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக எந்தப் பழைய கருவியையும் நம்பிப் பறக்கக் கூடாது.

கழற்றும் முன் குழாயைப் பாருங்கள்

கருவி கெட்டுவிட்டது என்று நினைக்கும் பல நேரங்களில் கோளாறு கருவியில் இருப்பதில்லை. வெடித்துப்போன ரப்பர் குழாய், குழாய்க்குள் தேங்கிய தண்ணீர், பிட்டோ குழாயில் பூச்சி கட்டிய கூடு, வேரியோமீட்டர் புட்டியின் மூடியில் கசிவு, இவையெல்லாம் வழக்கமான காரணங்கள்.

வேகமானியை எளிய முறையில் சோதித்துப் பார்க்கலாம். U வடிவத்தில் வளைத்த கண்ணாடிக் குழாயில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, அதையும் ஒரு சிரிஞ்சையும் வேகமானியின் பிட்டோ வாயோடு சேர்த்து இணைக்க வேண்டும். சிரிஞ்சை மெதுவாக அழுத்தினால் இருபுறத் தண்ணீர் மட்டத்திலும் வித்தியாசம் ஏற்படும். அந்த வித்தியாசம் 12 மில்லிமீட்டர் இருக்கும்போது முள் மணிக்கு 50 கிலோமீட்டரைக் காட்ட வேண்டும். 48 மில்லிமீட்டருக்கு 100, 108 மில்லிமீட்டருக்கு 150, 193 மில்லிமீட்டருக்கு 200. வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதே இந்தக் கணக்கு. சிரிஞ்சை அசைக்காமல் பிடித்திருக்கும்போதே முள் இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது.

இந்தச் சோதனை கோளாறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மட்டுமே. பறப்பதற்கான சான்று ஆகாது. வாயால் ஊதிப் பார்ப்பதும் கூடாது. மூச்சின் அழுத்தம் இந்த அளவுகளை விடப் பல மடங்கு அதிகம் என்பதால் சிமிழ் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

ரேடியம் பூசிய டயல்

இரண்டாம் உலகப் போர்க்காலத்து இராணுவக் கருவிகள் பல, போருக்குப் பின் கிளைடர்களில் பொருத்தப்பட்டன. இருட்டில் ஒளிர்வதற்காக அவற்றின் எண்களிலும் முள்ளிலும் ரேடியம் கலந்த வண்ணம் பூசியிருப்பார்கள். இன்று அது ஒளிர்வதில்லை. அதனால் ஆபத்து தீர்ந்துவிட்டது என்று நினைப்பது தவறு. ஒளிரும் வேதிப்பொருள்தான் தேய்ந்து போயிருக்கிறது. ரேடியம்-226 பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டுகள் ஆகும்.

1920களில் அமெரிக்காவின் நியூஜெர்சியில், கடிகார டயல்களுக்கு இந்த வண்ணத்தைப் பூசிய பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூர்மையாக்கினார்கள். அதனால் எலும்பு நோய்க்கு ஆளாகிப் பலர் இறந்தனர்.

கண்ணாடி மூடியிருக்கும் வரை வண்ணத்தூள் உள்ளேயே இருக்கும். திறந்தால் உதிர்ந்த தூள் மூச்சிலும் உணவிலும் கலக்க வாய்ப்புண்டு. ஆகவே, பழுப்பேறிய ஒளிர்வண்ணம் உள்ள கருவியை வீட்டு மேசையில், அதுவும் குழந்தைகள் இருக்கும் இடத்தில் திறக்கக் கூடாது. கதிர்வீச்சு அளவியால் முதலில் சோதிக்க வேண்டும். அனுப்பும் முன்பே பழுதுபார்ப்பவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். ரேடியம் உள்ளவற்றை எல்லோரும் வாங்குவதில்லை; அஞ்சலில் அனுப்பவும் விதிமுறைகள் உண்டு.

யாரிடம் போவது?

முதலில் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: இந்தக் கருவி பறக்கப் போகிறதா, காட்சிக்கு இருக்கப் போகிறதா?

பறக்கப் போகிறது என்றால், பழுதுபார்ப்பவரின் கைத்திறன் மட்டும் போதாது. அவருடைய கையெழுத்துக்கும் சட்ட மதிப்பு வேண்டும். அமெரிக்காவில் விமான மெக்கானிக் உரிமம் வைத்திருப்பவருக்கே கருவிகளைத் திறந்து பழுதுபார்க்க அனுமதியில்லை. அதற்கென அங்கீகாரம் பெற்ற பணிமனைதான் செய்ய வேண்டும். ஐரோப்பாவில் அங்கீகாரம் பெற்ற பணிமனை, வேலை முடிந்ததும் ‘படிவம் 1’ என்ற சான்றைத் தரும். உங்கள் கிளைடருக்கு எந்த விதி பொருந்தும் என்பதை அதை ஆய்வு செய்யும் அதிகாரியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்வது செலவைக் குறைக்கும்.

தேடலைக் கருவியின் பின்புறத்திலிருந்து தொடங்குங்கள். செய்த நிறுவனத்தின் பெயர், மாதிரி எண், வரிசை எண் ஆகியவை அங்கே இருக்கும். அந்த நிறுவனம் இன்றும் இயங்கினால் அதுவே முதல் கதவு. ஜெர்மனியின் யுங்கிங்கன் ஊரிலுள்ள வின்டர் நிறுவனம் இன்றும் கிளைடர் கருவிகளைச் செய்துவருகிறது. பழைய கிளைடர்கள் பலவற்றில் இருப்பதும் இந்நிறுவனத்தின் கருவிகளே.

நிறுவனம் மூடப்பட்டிருந்தால், இயந்திர வகைக் கருவிகளைக் கையாளும் பணிமனைகளைத் தேட வேண்டும். இங்கே பழைய கிளைடர் சங்கங்களும் பறக்கும் கிளப்புகளின் மூத்த உறுப்பினர்களும் பெரிய உதவி. யாரிடம் கொடுத்தோம், வேலை எப்படி இருந்தது என்று அவர்களால் அனுபவத்தில் சொல்ல முடியும். பிரிட்டனின் லாஷம் விமானத்தளத்திலுள்ள கிளைடிங் ஹெரிட்டேஜ் சென்டர், வாசர்குப்பேயிலுள்ள ஜெர்மன் கிளைடர் அருங்காட்சியகம், அமெரிக்காவின் எல்மைராவிலுள்ள தேசிய அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இருப்பவர்களிடமும் விசாரிக்கலாம்.

காட்சிக்கு மட்டும் என்றால், ரேடியம் இல்லாத கருவியைத் திறமையான கடிகாரப் பழுதுபார்ப்பவரிடமே கொடுக்கலாம். நுண்ணிய பல்சக்கரம், முடி போன்ற சுருள்வில், இறுகிப்போன எண்ணெய், இவையெல்லாம் அவருக்குப் பழகியவை. ஆனால் அவர் சரிசெய்த கருவியைப் பறப்பதற்குப் பயன்படுத்தக் கூடாது. பழைய கருவியை அழகுக்காக அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, பறப்பதற்குப் புதிய கருவி ஒன்றைப் பொருத்திக்கொள்வதும் ஒரு வழி.

கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

இதே வகைக் கருவியை முன்பு பழுதுபார்த்திருக்கிறீர்களா? வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை எழுதித் தருவீர்களா? மாற்றிய பாகங்களைத் திருப்பித் தருவீர்களா? டயலில் கை வைக்கும் முன் என்னிடம் கேட்பீர்களா? சரிசெய்ய முடியாவிட்டால் எவ்வளவு கட்டணம்? நல்ல தொழிலாளி இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார்.

அனுப்பும்போது குழாய் வாய்களை மூடி, எல்லாப் பக்கமும் படமெடுத்து, பெட்டிக்குள் பெட்டியாக வைத்து அனுப்ப வேண்டும். முள்ளின் அச்சு தாங்கி நிற்கும் முனை மிகச் சிறியது. ஒரே அடியில் உடைந்துவிடும்.

இந்த வேலையைச் செய்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். புதிய கிளைடர்களில் மின்னணுத் திரைகள் வந்துவிட்டதால், இதைக் கற்க வரும் இளைஞர்களும் குறைவு. ஆகவே கருவி கெடும் வரை காத்திருக்காமல் இப்போதே ஆளை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. அவர் சம்மதித்தால், வேலை செய்யும்போது அருகிலிருந்து பார்க்கவும் குறிப்பெடுக்கவும் கிளப்பின் இளைஞர் ஒருவரை அனுப்பலாம். அவர் ஓய்வு பெறும் நாளில் அந்தக் கருவிகளைத் திறக்கத் தெரிந்த இன்னொருவராவது இருப்பார்.