ஏரியைப் பார்த்துச் சரக்கெடுக்கும் ஊர்

இயற்கை என்று யாராவது பேச ஆரம்பித்தால் நம் வணிகப் பெருமக்களில் பலருக்கு ஊட்டியும் கொடைக்கானலும்தான் நினைவுக்கு வரும். ஆண்டுக்கு ஒரு முறை கடையைப் பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்து வருகிற பொருள் அது. குன்றத்தூர்க் கடைக்காரருக்கு அப்படியில்லை. ஒரு பக்கம் முருகன் குன்று, மறு பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. இரண்டுக்கும் நடுவில்தான் அவர் கல்லாப்பெட்டி இருக்கிறது.

குன்று கொடுக்கிற தெய்வம். கிருத்திகை வந்தால் பூக்கடை, தேங்காய்க் கடை, சிற்றுண்டிக் கடை எல்லாவற்றுக்கும் வியாபாரம் உண்டு. இந்த ஊரில் பிறந்த சேக்கிழார் பெருமானைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மலையைவிட, கடலைவிட, உலகைவிடப் பெரியது எது என்று சோழ மன்னன் கேட்டானாம். பெரியவர்கள் திகைத்தபோது, திருக்குறளிலிருந்தே மூன்றுக்கும் விடை எழுதிக் கொடுத்தாராம் சேக்கிழார். அடக்கம் மலையைவிடப் பெரிது, பயன் கருதாத உதவி கடலைவிடப் பெரிது, காலத்தில் செய்த உதவி உலகைவிடப் பெரிது. மலையையும் கடலையும் எடைக்கல்லாக வைத்து மனிதனை நிறுத்துப் பார்த்திருக்கிறார்கள். தராசு பிடிக்கும் நமக்கு இது சுலபமாகப் புரியும்.

ஏரி வேறு மாதிரி. அதன் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஐப்பசி பிறந்ததும் நம் ஊர் மளிகைக்காரர் பத்திரிகையில் தங்கம் விலைக்கு முன்னால் ஏரி மட்டத்தைத்தான் தேடுவார். 20 அடி என்றால் ஆறுதல். 22 அடியைத் தாண்டினால் கீழ்வரிசை மூட்டைகள் பலகைமேல் ஏறும்.

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. அந்த நீர் திறப்பு முறையை, 2018ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய தணிக்கை அறிக்கை கடுமையாகக் குறை கூறியது. அது இருக்கட்டும். தண்ணீர் புகுந்த கடை எப்படியிருக்கும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். சர்க்கரையும் உப்பும் கரைந்து வெறும் சாக்கு மிஞ்சும். சிமெண்டு கல்லாகும். அரிசி ஊறி மூன்றாம் நாள் நாறும். எண்ணெய் டின்னுக்குள் ஒன்றும் ஆகாமல் இருந்தாலும் லேபிள் போய்விட்டால் வாங்க ஆளில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய நட்டம் பற்று நோட்டு நனைவது. மூட்டையைத் திரும்ப வாங்கலாம், கடன் பாக்கியை எங்கே போய் வாங்குவது?

ஆனால் தன் பாக்கி இவ்வளவு என்று தானே வந்து சொல்லிப் பணம் கட்டிய வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். பழைய பாக்கியைப் பற்றிப் பேசாமலே லாரியில் சரக்கு ஏற்றிவிட்ட மொத்த வியாபாரி ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார். சேக்கிழார் கதையில் வரும் மூன்றாவது விடை எனக்கு அன்றுதான் விளங்கியது.

நான்கே ஆண்டில், 2019 கோடையில், அதே ஏரி வறண்டு தரை தெரிந்தது. கேன் தண்ணீர் விற்றவர்களுக்கு நல்ல காலம் என்பார்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டல்காரர் சமையலைக் குறைத்தால் அவருக்குப் பருப்பும் காய்கறியும் போடுகிறவர் பாடு என்ன? வெள்ளம் ஒரு வாரத்தில் அடித்ததை வறட்சி மூன்று மாதம் அரித்துத் தின்றது. எனக்கென்னவோ இரண்டில் வறட்சிதான் பொல்லாதது.

நிவர் புயலின்போது, 2020 நவம்பர் 25ந்தேதி, ஐந்தாண்டுகளுக்குப் பிறகு ஏரி மீண்டும் திறக்கப்பட்டது. இம்முறை முன்கூட்டியே எச்சரிக்கை வந்தது. சிறுகளத்தூர், காவனூர், திருமுடிவாக்கம் வரை செய்தி பரவ, சரக்கை மேலே ஏற்றிக்கொள்ள அவகாசம் கிடைத்தது.

உபரி நீர் போகும் கால்வாயில் நம் கடைக் குப்பையையும் பாலிதீன் பையையும் கொட்டிவிட்டு ஏரியைத் திட்டுகிறோம். இதைச் சங்கக் கூட்டத்தில் பேசினால் சிலருக்கு முகம் சுளிக்கிறது, பரவாயில்லை.

காப்பீடு எடுத்திருக்கும் அன்பர்கள் மழைக்கு முன்பே பாலிசியை எடுத்துப் படித்துப் பார்க்கவும். தீயோடு வெள்ளமும் புயலும் அதில் சேர்ந்திருக்கவேண்டும். கட்டடம் மட்டுமன்றிச் சரக்கும் எழுதப்பட்டிருக்கவேண்டும். கடை முகவரியைப் போட்டுவிட்டுக் கிடங்கின் முகவரியை விட்டுவிடுகிறார்கள். வங்கிக் கடனுக்காக எடுத்த பாலிசிகளில் இதை முக்கியமாகப் பார்க்கவேண்டும். சரக்கு இருப்புப் பதிவேட்டின் நகல் ஒன்று வீட்டில், மாடியில் இருக்கட்டும்.