கல்லூரி நூலகம் உங்கள் வீட்டு கம்ப்யூட்டரில்

"மகள் காலேஜ் படிப்புக்காகத்தான் சார் கம்ப்யூட்டர் வாங்கினோம். இதுல என்னவெல்லாம் செய்யலாம்?" நாகர்கோவில் பகுதியில் கம்ப்யூட்டர் கற்றுத்தரும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "மகளுக்குக் கல்லூரி நூலகத்தின் லாக் இன் வாங்கியாச்சா?" அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

இதனால் வரும் நஷ்டம் சிறியது அல்ல. கல்லூரி சந்தா கட்டி வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான இதழ்களும் புத்தகங்களும் திறக்கப்படாமல் கிடக்கின்றன. மாணவரோ கடைசி செமஸ்டரில், ஏதோ ஒரு கடையில் பணம் கொடுத்து யாரோ தயாரித்த ப்ராஜக்ட்டை வாங்கி பைண்டிங் செய்து கொடுக்கிறார். பணமும் போகிறது, கற்க வேண்டியதும் போகிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இதைத் தவிர்க்கும் வழிகளை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

பஸ் நேரமும் நூலக நேரமும்

கல்லூரிகளுக்குக் குமரி மாவட்டத்தில் பஞ்சமில்லை. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி 1893-லும், தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி 1952-லும், மார்த்தாண்டம் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி 1964-லும், ஹோலி கிராஸ் கல்லூரி 1965-லும் தொடங்கப்பட்டவை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்றதும் இம்மாவட்டம்தான்.

ஆனால் குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால் வெட்டும் குடும்பத்திலிருந்து வரும் மாணவரையும், முட்டம், குளச்சல் கடற்கரையிலிருந்து வரும் மாணவியையும் நினைத்துப் பாருங்கள். வகுப்பு முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டும். வீட்டு வேலை முடிந்து புத்தகம் எடுக்கும்போது இரவு எட்டு மணி. அந்த நேரத்தில் நூலகம் பூட்டியிருக்கும்.

இது புதிய பிரச்னை அல்ல. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை அதிகப்படுத்தினார். 1931-ல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது. இன்று அந்த விதியை நிறைவேற்றும் சாதனம் உங்கள் வீட்டு மேஜையில் இருக்கிறது. 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்தே திறக்கக்கூடிய நூலகத்தின் அருமை எல்லாருக்கும் புரிந்தது.

முதலில் கேட்டு வாங்க வேண்டியது

காந்திநகரில் இயங்கும் இன்ப்ளிப்நெட் என்னும் மத்திய அமைப்பு, 2010-ல் என்-லிஸ்ட் என்ற திட்டத்தைத் தொடங்கியது. கலை, அறிவியல் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் 6,000-க்கும் மேற்பட்ட இதழ்களையும், லட்சத்துக்கும் மேற்பட்ட மின் புத்தகங்களையும் படிக்க வழி செய்தது. இதைப் பெறும் முறை:

1. உங்கள் கல்லூரி என்-லிஸ்ட் உறுப்பினரா என நூலகரிடம் கேளுங்கள்.
2. உறுப்பினர் என்றால் உங்கள் பெயரையும் இ-மெயில் முகவரியையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். மாணவர் தானாகப் பதிவு செய்ய முடியாது. கல்லூரி மூலமே செய்ய வேண்டும்.
3. பயனர் பெயர், பாஸ்வேர்ட் பற்றிய தகவல் இ-மெயிலில் வரும். இன்பாக்ஸில் இல்லை என்றால் ஸ்பேம் போல்டரைத் திறந்து பாருங்கள். பலருக்கு அங்கேதான் கிடக்கிறது.
4. பிரவுசரில் என்-லிஸ்ட் தளத்தைத் திறந்து லாக் இன் செய்திடுங்கள். கல்லூரிக்குள் இருக்க வேண்டிய அவசியமில்லை.

பொறியியல், மருத்துவக் கல்லூரிகள் என்-லிஸ்ட்டில் சேராது. அங்கு படிப்பவர்கள், கல்லூரி வேறு எந்தச் சந்தா வைத்திருக்கிறது, அதை வீட்டிலிருந்து திறக்க முடியுமா என இரண்டையும் கேட்க வேண்டும். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் முதல் கட்டம், அரசே நடத்தும் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கானது. அரசுக் கல்லூரி மாணவர்கள் இதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

லாக் இன் இல்லாமல் கிடைப்பவை

சோத்கங்கா: இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் இங்கு இலவசமாகக் கிடைக்கும். நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக ஆய்வேடுகளும் உண்டு. ஒவ்வோர் ஆய்வேடும் தலைப்புப் பக்கம், பொருளடக்கம், இயல்கள் எனத் தனித்தனி பிடிஎப் பைல்களாக இருக்கும். எல்லாவற்றையும் டவுண்லோட் செய்ய வேண்டாம். முதலில் பொருளடக்கத்தையும், கடைசியில் உள்ள துணைநூல் பட்டியலையும் மட்டும் இறக்குங்கள். உங்கள் தலைப்பில் எந்தெந்தப் புத்தகங்கள் இருக்கின்றன என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஒன்று நினைவிருக்கட்டும். அங்கிருந்து அப்படியே காப்பி, பேஸ்ட் செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஆய்வேடுகளில் 10 சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்து இருந்தால் நடவடிக்கை எடுக்க பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறை இடம் தருகிறது. இதைக் கண்டுபிடிக்கத் தனி சாப்ட்வேர்களும் உள்ளன.

தேசிய டிஜிட்டல் நூலகம்: கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கியது. பள்ளிப் பாடம் முதல் உயர்கல்வி வரை தேடலாம். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

தமிழ் நூல்கள்: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1998 முதல் தன்னார்வலர்கள் நடத்திவரும் மதுரைத் திட்டமும் தமிழ் இலக்கிய மாணவர்களுக்குப் பெரும் புதையல்.

புத்தகம் இருந்தும் அகப்படுவதில்லை, ஏன்?

தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'மருமக்கள்வழி மான்மியம்' வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியின் கம்ப்யூட்டர் கேட்லாக்கில் தமிழில் டைப் செய்கிறீர்கள். 'இல்லை' என்று வருகிறது. ஆனால் அலமாரியில் புத்தகம் இருக்கும்!

காரணம் எளிது. பல நூலகங்களில் தமிழ்ப் புத்தகத் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் பழைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கிறது. யூனிகோடில் நீங்கள் அடிப்பது அதனுடன் பொருந்தாது. ஆங்கிலத்தில் தேடினாலும் 'ழ'வுக்கு ஒருவர் இசட் எச் போட்டிருப்பார், இன்னொருவர் எல் போட்டிருப்பார். 'மருமக்கள்' என்ற பகுதியை மட்டும் அடித்துத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் ஆசிரியர் பெயரில் தேடுங்கள். ஊர்ப் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. குளச்சலை ஆங்கிலத்தில் 'கொலாச்செல்' என்று எழுதும் வழக்கம் இருப்பதால், இரண்டு விதமாகவும் தேடுவது நல்லது.

கவிமணி மறைந்தது 1954-ல். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் முடிந்ததும் காப்புரிமை முடிந்துவிடும் என்பது இந்தியச் சட்டம். எனவே 2015 முதல் அவருடைய படைப்புகளை யாரும் இணையத்தில் தரலாம், இறக்கிக்கொள்ளலாம்.

கரண்ட் போனாலும் படிக்க

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது இம்மாவட்டத்தில் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. சாதாரண நாட்களிலும் மலையோரக் கிராமங்களில் சிக்னல் வந்து வந்து போகும். எனவே வேண்டிய பைல்களைக் கல்லூரி வை-பையில் பென் டிரைவில் இறக்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பாடத்துக்கு ஒரு போல்டர் போட்டு, பைல் பெயரை ஆசிரியர் பெயர், ஆண்டு என மாற்றி வையுங்கள். பொதுக் கம்ப்யூட்டரில் போட்ட பென் டிரைவை வீட்டில் ஸ்கேன் செய்த பிறகே திறக்கவும்.

கல்லூரிகளுக்குச் சில வார்த்தைகள்

மாணவர்களிடம் நான் கேட்டவரை, அவர்கள் முதலில் தேடுவது ஆராய்ச்சி இதழ் அல்ல, பழைய கேள்வித்தாள்! அவற்றை ஸ்கேன் செய்து நூலகத் தளத்தில் போட்டால் மாணவர் தானாக வருவார். வந்தவருக்குப் பக்கத்திலேயே இதழ்களையும் காட்டலாம். அடுத்து, கேட்லாக் கல்லூரி நெட்வொர்க்குக்குள் மட்டும் திறந்தால் போதாது, வீட்டிலும் திறக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் கோஹா போன்ற நூலக சாப்ட்வேர்களிலேயே இந்த வசதியும் யூனிகோட் தமிழும் இருக்கின்றன. மூன்றாவது, நூலக அறிமுக வகுப்பை முதல் வாரத்தில் மட்டும் நடத்தினால் யாருக்கும் மனதில் நிற்காது. ப்ராஜக்ட் தலைப்பு கொடுக்கும் வாரத்தில் இன்னொரு முறை நடத்தினால், அன்று மாலையே பயன்படுத்துவார்கள்.

2025-26 தமிழக பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப் தரப்படும் என்று அறிவிக்கப்பட்டது. கருவி கைக்கு வந்துவிடும். அதில் எதைத் திறப்பது என்பதைச் சொல்லிக்கொடுப்பதுதான் மீதி வேலை.

பெற்றோர்களே, நாளை மகனோ மகளோ கல்லூரிக்குக் கிளம்பும்போது ஒன்று சொல்லி அனுப்புங்கள்: "லைப்ரரியில போய் லாக் இன் கேட்டு வாங்கிட்டு வா." இதற்குத் தனியாகக் காசு கேட்க மாட்டார்கள்.