தகரப் பெட்டியில் என்ன இருக்கிறது?

மஹாராஷ்டிர மாநிலத்தில் புனே நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது தேஹு ரோடு. இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில் இங்கே ராணுவச் சாமான் டிப்போ வந்தது. வேலை தேடித் தமிழ்நாட்டிலிருந்து பலர் வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இங்கே வாழ்கிறார்கள்.

டிப்போவில் வேலை செய்பவர்கள் பலர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருப்பார்கள். ஓய்வு பெற்றால் அதைக் காலி செய்ய வேண்டும். சிலர் பக்கத்திலேயே வாடகை வீடு பார்ப்பார்கள். சிலர் சொந்த ஊருக்கே திரும்புவார்கள்.

முப்பது வருடம் வாழ்ந்த வீடு. எவ்வளவு சாமான் சேர்ந்திருக்கும்! பரணில் ஓட்டை அண்டா. கட்டிலுக்கு அடியில் அறுந்த செருப்பு. மூலையில் ஓடாத மிக்ஸி. "என்றைக்காவது உதவும்" என்று வைத்தவை. அந்த நாள் வரவே இல்லை.

எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகலாமா? போகலாம். ஆனால் லாரி வாடகை யார் கொடுப்பது? ரயிலில் ஸ்லீப்பர் டிக்கெட் ஒன்றுக்கு 40 கிலோ வரைதான் இலவசம். அதற்கு மேல் பணம் கட்ட வேண்டும். பழைய இரும்புக் கட்டிலை ஊருக்குக் கொண்டுபோகும் செலவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பல நேரம் கட்டிலின் விலையைவிடக் கூலி அதிகமாக இருக்கும்.

ஆகவே ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்குவது நல்லது. தினமும் ஒரு மூலை போதும். கொண்டுபோவதை ஒரு பக்கம் வையுங்கள். நல்ல நிலையில் இருந்து, நமக்குத் தேவைப்படாததை அக்கம்பக்கத்தில் கொடுங்கள். உடைந்த இரும்பு, தகரம், பிளாஸ்டிக் எல்லாம் பங்கார்வாலா வாங்கிக்கொள்வார். போகிக்குக் கொளுத்துவதுபோலப் பிளாஸ்டிக்கையும் டயரையும் கொளுத்த வேண்டாம். அந்தப் புகை விஷம். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் விட மனம் வராது. அது உங்கள் விருப்பம்.

காகிதம் மட்டும் வேறு கதை.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரர் தராசுடன் நிற்கிறார். பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்குகிறது. உள்ளே மஞ்சள் நிறக் காகிதங்கள்.

"எல்லாம் அப்பா காலத்துக் குப்பை. எடையில போடு" என்கிறார் வீட்டுக்காரர்.

"கொஞ்சம் இருங்க. படிச்சுப் பாத்துட்டுப் போடலாம்" என்கிறார் மனைவி.

அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. ஒவ்வொரு காகிதமாகப் பிரிக்கிறார். மின்சார பில், பழைய காலண்டர், கல்யாணப் பத்திரிகை. இவை போகலாம். பிறகு ஒரு மடித்த சீட்டு வருகிறது. எழுத்து இங்கிலீஷ். ஆனால் எண் புரிகிறது: 1946. மகனைக் கூப்பிடுகிறார். அது மாமனார் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்த சீட்டு.

அது வெறும் காகிதம் இல்லை. ஏன் தெரியுமா? மஹாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்று கேட்டுப் போனால், 10.8.1950-க்கு முன்பே குடும்பம் இங்கே வசித்ததா என்று ஆதாரம் கேட்பார்கள். அப்போது இப்படிப்பட்ட பழைய சீட்டு உதவும். பிறகு வந்த குடும்பம் என்றால், அப்பாவுக்குத் தமிழ்நாட்டில் கொடுத்த சாதிச் சான்றைக் கேட்பார்கள். பேரனுடைய காலேஜ் சீட்டும் உதவித்தொகையும் அந்தப் பெட்டியில் இருக்கலாம். ரத்திக்காரர் அதற்குச் சில பைசா கொடுத்திருப்பார். அவர்மேல் தப்பில்லை. அவருக்கு எடைதான் தெரியும்.

பென்ஷன் உத்தரவும் அப்படித்தான். அதில் பென்ஷன் எண் இருக்கும். கணவர் காலமானால் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் உண்டு. அதைக் கேட்கப் போகும்போது அந்தக் காகிதத்தைத்தான் முதலில் கேட்பார்கள். நிலப் பத்திரம், பட்டா, பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, பள்ளிச் சான்று, இன்சூரன்ஸ் பத்திரம், பாஸ்புத்தகம் எதையும் படிக்காமல் போடக் கூடாது. மராத்தியிலோ இங்கிலீஷிலோ இருந்தால், தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தேஹு ரோட்டிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் தேஹு கிராமம் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் துகாராம் பிறந்த ஊர். அவர் எழுதிய பாட்டுச் சுவடிகள் இந்திராயணி ஆற்றில் போடப்பட்டன. 13 நாள் கழித்து அவை கெடாமல் மிதந்து வந்தன என்று பக்தர்கள் சொல்கிறார்கள். ரத்திக் கடைக்குப் போன நம் காகிதம் அப்படித் திரும்பி வராது.

இனி மற்ற வேலைகள். வேறு ஊருக்குப் போவதென்றால் கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் திருப்பிக் கொடுங்கள். டெபாசிட் பணத்தையும் அவர்கள் தரும் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். புதிய ஊரில் அந்தச் சீட்டைக் காட்டி இணைப்பு வாங்கலாம். சிலிண்டரை ரயிலில் கொண்டுபோவது குற்றம். 1989-ஆம் வருட ரயில்வே சட்டப்படி 3 வருடம் வரை ஜெயில் தண்டனை கிடைக்கலாம். வேறு மாநிலத்தில் நிரந்தரமாகத் தங்கப் போகிறவர்கள் ரேஷன் கார்டில் பெயரை நீக்கி, அதற்குச் சான்று வாங்க வேண்டும். அது இல்லாமல் புதிய கார்டு கிடைப்பது கஷ்டம்.

அந்த வீட்டு அம்மா ஒரு துணிப் பை தைத்தார். படித்துப் பிரித்த காகிதங்களை அதில் வைத்தார். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு தாளில் தானே எழுதினார். லாரியில் பாத்திரம் போயிற்று, பீரோ போயிற்று. பை மட்டும் அவர் மடியில் வந்தது.